காத்தாடி பற்றிக் கேளுங்கள்

முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் 22 வருஷம் காத்தாடி (காற்றாலை) மெஷின் பழுதுபார்த்தவன். பங்குச்சந்தைக் கேள்வி மட்டும் வேண்டாம்.

பழைய 225 கிலோவாட் மெஷின் விலைக்கு வருகிறது. வாங்கலாமா சார்?

225 என்பது முழுக்காற்றில் மட்டும் கிடைக்கும் பெயர்ப்பலகைக் கணக்கு. அதை நம்பிப் பணம் போடாதீர்கள். சராசரியாக அதில் 20 சதவீதம் ஓடினால் வருஷத்துக்கு 4 லட்சம் யூனிட்டுக்குக் கொஞ்சம் கீழே. ஐந்து வருஷ மீட்டர் ரீடிங்கைக் கேளுங்கள். தர மறுத்தால் பேச்சை முடித்துவிடுங்கள். மேலே ஏறி கியர்பாக்ஸ் ஆயிலை வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்கள். மினுமினுவென்று தூள் ஒட்டினால் பல் தேய்கிறது. கியர்பாக்ஸை இறக்கும் கிரேன் வாடகையே உங்களை அழவைக்கும்; நான் ஒரு முதலாளி அழுது பார்த்திருக்கிறேன். 2018 மார்ச் 31-க்கு முன் ஓடத் தொடங்கியதா என்றும் பாருங்கள். வருஷ பேங்கிங், அதாவது கொடுத்த யூனிட்டை ஒரு வருஷத்துக்குள் திரும்ப எடுக்கும் வசதி, அதற்குத்தான்.

மாடியில் சின்னக் காத்தாடி வைத்தால் கரண்ட் பில் குறையுமா?

குறையாது. மாடியில் காற்று மெதுவு. காற்று வேகம் பாதியானால் கிடைக்கும் சக்தி எட்டில் ஒன்று. சோலார் போடுங்கள்.

காத்தாடி மழையை விரட்டுகிறது என்கிறார்களே?

இல்லை.

ஆடியில் சுற்றுகிறது, மார்கழியில் படுத்துவிடுகிறது. இதை நம்பி ஒரு மாநிலமா?

மே முதல் செப்டம்பர் வரை பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களில் காற்று வரும். பருவத்தில் அது ஏமாற்றுவது அபூர்வம். தொல்லை மணிக்கணக்கில்தான்: மத்தியானம் கொட்டும், திடீரென்று விழும். அந்த நேரத்தில் அனல்மின் நிலையத்தை நினைத்தபடி ஏற்றி இறக்க முடியாது.

திருப்பூர் மில்காரன் நான். என் காத்தாடி ஆடியில் கொடுத்த யூனிட்டை தையில் எடுக்க மின்வாரியம் ஏன் கட்டணம் கேட்கிறது?

வாரியத்திடம் யூனிட் பூட்டிவைக்கப் பெட்டகம் இல்லை, அண்ணாச்சி. நீங்கள் கொடுத்தது அன்றே செலவாகிவிட்டது. தையில் வருவது பெரும்பாலும் நிலக்கரி கரண்ட்.

அன்று அதை விற்றுக் காசு பார்த்தது யார்? ஆடியில் எங்கள் மெஷினை நிறுத்தச் சொன்னது யார்?

விற்ற காசைப் பற்றி நீங்கள் கேட்பது நியாயம். நிறுத்தச் சொல்வதற்குப் பாதி காரணம் லைன் போதாமை. அந்த நஷ்டம் உங்கள் தலையில் விழுவது தப்பு. ஆனால் கட்டணமே கூடாது என்றால் ஒப்ப மாட்டேன்.

இடையில் இன்னொருவன் நான்: பெட்டகம் இல்லை என்கிறீர்களே, கடம்பாறை நீர்மின் நிலையம்?

சரியான கேள்வி. 400 மெகாவாட். மிஞ்சும் கரண்டில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைக்கு இறக்குகிறது. ஆனாலும் மாநிலத்தில் காற்றாலை 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. கடம்பாறை சேமிப்பதும் ஆடியிலிருந்து தைக்கு அல்ல, ராத்திரியிலிருந்து சாயங்காலத்துக்குத்தான். அண்ணாச்சி, உங்கள் தை யூனிட் அங்கேயும் இல்லை.

சார், மொட்டைமாடியில்…

மேலே சொல்லிவிட்டேன், படியுங்கள்.