பட்டா என் பெயரில், மண்ணுக்குள் இருப்பது யாருக்கு?

கேள்வி: காங்கேயம் பக்கம் எங்களுக்கு மேட்டுக்காடு இருக்கிறது. மழைக்கு அப்புறம் டிராக்டர் விட்டால் கறுப்பும் சிவப்புமாகப் பானை ஓடு மேலே வருகிறது. போன வருடம் சதுரமாக ஒரு செம்புக் காசும் கிடைத்தது. மெட்டல் டிடெக்டர் வாங்கித் தேடலாம் என்று நினைக்கிறேன். சொந்த நிலம்தானே, யாரையாவது கேட்க வேண்டுமா?

பதில்: நிலம் உங்களுடையது, சரி. ஆனால் பட்டா இருக்கிறது என்பதற்காக மண்ணுக்குள் கிடைப்பதெல்லாம் தானாக உங்களுடையது ஆகிவிடாது. 1878-ல் வந்த புதையல் சட்டம் இன்னமும் நடைமுறையில் இருக்கிறது. கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றாலே, என்ன பொருள், எந்த இடம், எந்தத் தேதி என்று கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், பொருளைக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், இல்லையென்றால் பிணை கொடுக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. அரசு தானே வைத்துக்கொள்ள முடிவு செய்தால், உரிமை உள்ளவருக்குப் பொருளில் உள்ள உலோகத்தின் மதிப்பையும் அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கையும் தரும்.

இது சட்டம். எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. நீங்கள் இருப்பது சாதாரண இடம் இல்லை. நொய்யல் கரையில் இரும்பு உருக்கி, கல்மணி செய்து, பானையில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் பெயர் கீறி வைத்த கொடுமணல் உங்களுக்கு அருகில்தான். ரோமாபுரி வெள்ளிக் காசுகள் கோவை வெள்ளலூரில் குவியலாகவே கிடைத்திருக்கின்றன. இப்படிப்பட்ட மண்ணில் கருவி சத்தம் போட்டதும் கடப்பாரையால் குத்தி ஒரு காசை எடுத்தால் காசு கைக்கு வரும், அது எந்த ஆழத்தில், எந்த மண் அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது அந்த நிமிடமே அழிந்துபோகும். கீழடியில் கி.மு. 580 என்ற காலக்கணக்கு கிடைத்ததே, அது 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டை வைத்துத்தான். எந்த ஆழம் என்று குறிக்காமல் எடுத்திருந்தால் அது வெறும் அடுப்புக்கரி.

இங்கிலாந்தில் 1992-ல் நடந்ததைச் சொல்கிறேன். சஃபோக் பகுதியில் ஹாக்ஸன் என்ற ஊரில் ஒரு விவசாயியின் சுத்தியல் வயலில் தொலைந்துவிட்டது, தேடித் தரச் சொல்லி நண்பரைக் கூப்பிட்டார், அவர் டிடெக்டரோடு வந்து பார்த்தால் தங்கக் காசும் வெள்ளிக் கரண்டியும் வர ஆரம்பித்தன. அங்கே அந்த நண்பர் செய்த காரியம்தான் முக்கியம்: முழுவதையும் தோண்டாமல் பாதியில் நிறுத்தித் தகவல் சொன்னார். தொல்லியல் ஆட்கள் வந்து அடுக்கு குலையாமல் எடுத்ததால், எல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள் எப்படி அடுக்கி வைக்கப்பட்டிருந்தன என்பது வரை தெரிந்தது. சுமார் 15,000 காசுகள். அவற்றில் கடைசியாக அச்சானவை கி.பி. 407, 408-ஐச் சேர்ந்தவை, ஆகவே புதைத்தது அதற்கு முன்னால் இருக்க முடியாது. நம் ஊரில் இதே குவியலை நாலு பேர் பங்கு போட்டு ஒருவர் ஆசாரியிடம் உருக்கக் கொடுத்திருந்தால் இந்தக் கணக்கை யாரும் போட்டிருக்க முடியாது. சன்மானமாகக் கிடைத்த 17.5 லட்சம் பவுண்டையும் அவர் அந்த விவசாயியோடு பகிர்ந்துகொண்டார்.

அதனால் டிடெக்டருக்குச் செலவு செய்யாதீர்கள் என்பதுதான் என் யோசனை. உழவுக்கு அப்புறம் காட்டைச் சுற்றி நடங்கள். ஓடு எங்கே அடர்த்தியாக வருகிறதோ அங்கே போனில் படம் எடுங்கள், லொகேஷனையும் சேமித்து வையுங்கள். பிறகு மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள், அல்லது ஈரோடு, கரூர் அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். கையில் ஏற்கெனவே கருவி இருந்தால், கலப்பை புரட்டிய மேல்மண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது ஏற்கெனவே கலைந்த மண். அதற்குக் கீழே கை வைக்க வேண்டாம்.

கேள்வி: இருபது அடி ஆழத்தில் தங்கம் மட்டும் காட்டும் கருவி என்று ஒருவர் விற்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். டிடெக்டரின் சுருள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது, அதனால் உலோகத்தில் சிறு மின்னோட்டம் சுழல்கிறது, அதன் எதிரொலியைக் கருவி பிடிக்கிறது, அவ்வளவுதான். நாணயம் அளவுள்ள பொருள் என்றால் சாதாரணக் கருவிக்கு ஒரு அடிக்குக் கீழே எட்டுவதே கஷ்டம். மாட்டு லாடம், போர்வெல் ஒயர், அலுமினியத் தாள், பாட்டில் மூடி எல்லாவற்றுக்கும் கத்தும், இரும்புச் சத்துள்ள செம்மண்ணிலும் பழைய உலைக் கசடு கிடக்கும் இடத்திலும் சும்மாவே கத்தும். ஆழத்தில் தங்கத்தை மட்டும் தனியாகக் காட்டும் கருவி கிடையாது. இவர்களுக்குப் பின்னாலேயே பூஜை போட்டால்தான் புதையல் மேலே வரும் என்று ஒருவர் வருவார். நகையை அடகு வைத்து அவருக்குக் கொடுத்து ஏமாந்த குடும்பங்கள் நம் ஊரில் நிறைய. இருவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வயலில் கிடைத்த செம்புக் காசில் பச்சை படிந்திருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். புளி, எலுமிச்சை, சாம்பல், பிரஷ் எதுவும் கூடாது. எழுத்தும் உருவமும் பெரும்பாலும் அந்தப் பச்சைப் படலத்தில்தான் தங்கி இருக்கும், தேய்த்தால் சேரரின் வில்லா பாண்டியரின் மீனா என்றுகூடத் தெரியாத செம்புத் தகடுதான் மிஞ்சும். ஈரம் இல்லாத காகித உறையில் போட்டு, கிடைத்த இடத்தையும் தேதியையும் உறைமேல் எழுதி அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள்.