மற்ற படங்களில் அந்த ஆள் எங்கே போனார்?

கேள்வி: 'அமேடியஸ்' படத்தை இப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். இசைமேதை மொசார்ட்டைப் பார்த்துப் பொறாமைப்படும் இசையமைப்பாளர் சாலியரியாக வரும் எஃப். முர்ரே ஆபிரகாம் இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. அவருடைய மற்ற படங்களைத் தேடிப்பிடித்து ஏழெட்டு பார்த்துவிட்டேன். ஒன்றிலும் அந்த ஆளைக் காணோம். "ஒரு படம் நன்றாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான். அதுவும் டைரக்டர் வாங்கிய வேலை" என்கிறாள் அக்கா. ஒரே ஒரு படத்தில் உச்சம் தொட்டவரை நல்ல நடிகர் என்று சொல்லலாமா, இல்லை நான்தான் ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாறவில்லை. தேடியதில்தான் சின்னக் கோளாறு. மற்ற படங்களில் போய் சாலியரியைத் தேடியிருக்கிறீர்கள். அவர் அங்கே எப்படி இருப்பார்?

அந்தப் படத்தில் எந்த இடம் உங்களைத் தூங்கவிடாமல் செய்தது என்று யோசித்துப் பாருங்கள். என் ஊகம், மொசார்ட்டின் மனைவி கணவனுக்குத் தெரியாமல் இசைத்தாள்களைக் கொண்டுவந்து காட்டும் காட்சியாக இருக்கும். சாலியரி ஒரு தாளைப் பார்க்கிறார், ஒரு இசை எழுகிறது. அடுத்ததைப் புரட்டுகிறார், அது அறுந்து வேறொன்று எழுகிறது. அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. அந்த முகத்தில் வெறும் பொறாமை மட்டும் இருந்திருந்தால் மறுநாளே மறந்திருப்போம். பரவசமும் இருக்கிறது, செமத்தியாக அடிவாங்கியவனின் வலியும் இருக்கிறது. இரண்டில் எது எப்போது மேலே வருகிறது என்று பிரிக்க முடியவில்லை. கடைசியில் கை தளர்ந்து தாள்களெல்லாம் தரையில் கொட்டுகின்றன. இவ்வளவு நேரமும் மனிதர் என்னதான் செய்தார்? கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

படம் முழுக்க அவருக்கு அதுதான் வேலை. மரணப் படுக்கையில் மொசார்ட் சொல்லச் சொல்ல எழுதும் காட்சியிலும் அதேதான். கை பின்தங்குகிறது, புத்தி அதைவிடப் பின்தங்குகிறது, புரிந்துவிட்ட கணத்தில் கண் விரிகிறது. திரையில் மற்றவர் பேசும்போது சும்மா நிற்பதுதான் நடிகனுக்குக் கஷ்டம் என்பார்கள். ஆபிரகாமுக்குக் கைவந்த கலை அது. டைரக்டர் மிலோஷ் ஃபோர்மன் 1984இல் அந்த ஒரு திறமையை நம்பி ஒரு முழுப் படத்தையே அவர் தோளில் ஏற்றினார். (மொசார்ட்டாக நடித்த டாம் ஹல்ஸும் அதே சிறந்த நடிகர் ஆஸ்கர் போட்டியில் இருந்தார். படத்தில் தோற்றவர் மேடையில் ஜெயித்தார். சாலியரியின் ஆவி கொஞ்சம் சாந்தியடைந்திருக்கும்.)

அதற்கு முன்னால் அவரை யார் இப்படிப் பயன்படுத்தினார்கள்? 1976இல் வந்த 'ஆல் தி பிரசிடென்ட்ஸ் மென்' படத்தில் திருடர்களைப் பிடிக்க வரும் போலீஸ்காரர்களில் ஒருவர். ஒரு உள்ளாடை விளம்பரத்தில் இலை வேடம்கூடப் போட்டிருக்கிறார். பிறகு 1986இல் 'தி நேம் ஆஃப் தி ரோஸ்'. அதில் மதவிசாரணை அதிகாரி. தீர்ப்பை முன்பே முடிவு செய்துவிட்டு வருகிறவருக்குக் காது எதற்கு?

ஆனால் 2013இல் வந்த 'இன்சைட் லூயின் டேவிஸ்' உங்கள் ஏழெட்டில் இல்லை என்று நினைக்கிறேன். சிகாகோவில் ஒரு கிளப் முதலாளி. எதிரே உட்கார்ந்து நாயகன் உயிரைக் கொடுத்துப் பாடுகிறான். இவர் முழுப் பாட்டையும் கேட்கிறார். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பாட்டு முடிந்ததும், இதில் பெரிதாகப் பணம் இருப்பதாகத் தெரியவில்லை என்கிறார். சில நிமிடங்கள்தான். நீங்கள் தேடிய ஆள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

சரி, அக்காவிடம் வருவோம். பாதி விஷயத்தில் அவர் பக்கம்தான் நியாயம். 'பைசிக்கிள் தீவ்ஸ்' (1948) படத்தில் சைக்கிளைத் தொலைத்துவிட்டு அலையும் அப்பாவாக வந்த லம்பெர்த்தோ மஜ்ஜொரானி ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. பிறகும் நடித்தார், ஆனால் அந்த உயரம் திரும்பவில்லை. இயக்கிய டி சிக்காவோ, 1952இல் 'உம்பர்த்தோ டி' படத்துக்கு நடித்தே பழகாத ஒரு மொழியியல் பேராசிரியரைப் பிடித்து வந்து அதே அற்புதத்தை மறுபடி செய்தார். ஆள் மாறியும் விளைவு மாறவில்லை என்றால் கை டைரக்டருடையது. இங்கே அக்காவுக்கு முழு மார்க்.

இதே கணக்கை ஃபால்கொனெட்டியிடம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 1928இல் கார்ல் டிரையர் எடுத்த மௌனப் படத்தில் ஜோன் ஆஃப் ஆர்க்காக வந்தவர். மேக்கப் கிடையாது, முடியை நிஜமாகவே வெட்டினார்கள், படத்தின் பெரும்பகுதி அந்த முகத்தின் குளோசப். அதற்குப் பிறகு அவர் சினிமாவில் நடிக்கவே இல்லை. டிரையர் பல ஆண்டுகள் படம் எடுத்தார், நல்ல படங்கள்தான். ஆனால் அப்படி ஒரு முகம் அவருக்கும் மறுபடி வாய்க்கவில்லை. எல்லாம் டைரக்டர் கையில் என்றால் ஏன் வாய்க்கவில்லை?

ஹரால்ட் ரஸ்ஸல் வேறு மாதிரி. போர்க்காலத்தில், 1944இல், ஒரு வெடிவிபத்தில் இரண்டு கைகளையும் இழந்தவர். 1946இல் 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' படத்தில் அதேபோலக் கைகளை இழந்து ஊர் திரும்பும் கடற்படை வீரராக நடித்து, ஒரே வேடத்துக்கு இரண்டு ஆஸ்கர் வாங்கினார். தான் மணக்கப்போகும் பெண்ணிடம், இரவு படுக்கும் முன் கைகளுக்குப் பதிலாக மாட்டிய இந்தக் கொக்கிகளைக் கழற்றினால் நான் எப்படி இருப்பேன் பார் என்று காட்டும் காட்சியில் அவர் குரலில் துளி அழுகை கிடையாது. அடுத்த படத்தில் அவர் முகம் தெரிய 1980 ஆனது. திறமை தீர்ந்து போயிருக்காது. அவருக்கு வேடம் எழுத ஆளில்லை.

தமிழில் ஒன்று சொல்ல வேண்டுமென்றால் 'உதிரிப்பூக்கள்' (1979) விஜயனைச் சொல்வேன். குரலை உயர்த்தாமலே ஒரு வீட்டை நரகமாக்கும் கணவன், கடைசியில் ஊர் பார்க்க ஆற்றில் இறங்குகிறான். நிறையப் படங்களில் வந்தார், ஆனால் மகேந்திரன் கண்ட அந்த அமைதியை வேறு யாரும் அவரிடம் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, நல்ல நடிகர் என்று தாராளமாகச் சொல்லுங்கள். அப்புறம் அந்தச் சிகாகோ கிளப் காட்சியை அக்காவோடு உட்கார்ந்து பாருங்கள். கேமரா ஆபிரகாம் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவர் கண்ணை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். அதற்கும் அக்கா "டைரக்டர்" என்றால், எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.