பழைய ரிவோல்வர்கள்: மலையக வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. பழைய ரிவோல்வர்கள் மீது ஆசை இருக்கிறது, வீட்டில் வைத்திருக்க முடியாது, அப்படியானால் எதைச் சேகரிப்பது? துவக்கைத் தவிர அதைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் சேகரிக்கலாம் என்பதுதான் என் பதில். முத்திரைகளின் படங்கள், தோலுறைகள், கடை ரசீதுகள், பழைய விளம்பரங்கள், அது யார் இடுப்பில் இருந்தது, யார் அதன் எதிரில் நின்றார்கள் என்ற விவரங்கள். மலையகத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை.

பழைய பங்களாக் கூரையைத் திருத்தும்போது ஒரு தகரப் பெட்டிக்குள் துருப்பிடித்த ரிவோல்வர் கிடைத்தது. துருவை எடுத்துக் காட்சிக்கு வைக்கலாமா?
(வாசகர், பொகவந்தலாவை)

வைக்கக் கூடாது. அதைவிட முக்கியம், இனி அதைத் தொடவே வேண்டாம். இப்படி ஒளித்து வைத்த துவக்குகளில் ரவை உள்ளேயே இருக்கக்கூடும். துருவும் தூசியும் மூடியிருந்தால் வெளியிலிருந்து தெரியாது. எண்பது வருடம் கிடந்த ரவை வெடிக்காது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. உருளையைச் சுழற்றிப் பார்ப்பது, விசையை இழுத்துப் பார்ப்பது, எண்ணெய் விட்டுத் தளர்த்துவது எதுவும் வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டு அறையைப் பூட்டுங்கள். தோட்ட நிர்வாகத்துக்குச் சொல்லிவிட்டு 119க்கு அழையுங்கள். துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் பொலிஸுக்குப் போகாதீர்கள். வழியில் சோதனையில் அகப்பட்டால், ஒப்படைக்கத்தான் கொண்டு போனேன் என்று நிரூபிக்கப் படாத பாடு பட வேண்டியிருக்கும்.

அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம். அடிப்படைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம். 1996இல் வந்த திருத்தம் தண்டனைகளைக் கூட்டியது. பழைய பொருள்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று நம்பி வைத்திருக்காதீர்கள்.

அப்புறம், உங்களுக்கென்று மிஞ்சுவது என்ன? நிறைய இருக்கிறது. பொலிஸார் வந்தபின் அவர்களின் சம்மதத்தோடு ஒரு படம் எடுங்கள். கிடைத்த திகதி, கூரையின் எந்தப் பக்கம், கூட இருந்தவர்கள் யார் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். பதிவின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். பெட்டிக்குள் பழைய பத்திரிகைத் தாள் இருந்ததா என்று கட்டாயம் பாருங்கள். அந்தத் தாளின் திகதிக்கு முன்னால் அது அங்கே ஒளித்து வைக்கப்பட்டிருக்க முடியாது. வரலாற்றுப் பெறுமதி இருப்பதாக நினைத்தால், அழித்துவிடாமல் அருங்காட்சியகம் ஒன்றுக்குக் கொடுக்க முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். எழுதிக் கேட்காதவற்றுக்கு ஒரு தடயமும் இருக்காது.

தாத்தாவுக்கு அனுமதிப்பத்திரம் இருந்தது. அவர் இறந்து பல வருடம். துவக்கு அலுமாரியில் இருக்கிறது. அந்தப் பத்திரம் போதாதா?
(வாசகி, புசல்லாவை)

போதாது. அனுமதிப்பத்திரம் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. அதுவும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது. பழைய பத்திரத்தோடு ஒரு சட்டத்தரணியைப் பார்த்துவிட்டு, அவர் வழியாகவே பொலிஸுக்கு அறிவியுங்கள். தள்ளிப் போடாதீர்கள். பத்திரத்தின் பிரதியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தயாரித்தவர் பெயர், இலக்கம், அளவு எல்லாம் அதில் இருந்தால் ஒரு சேகரிப்பாளருக்கு அது பெரிய விஷயம்.

எங்கள் பூட்டன் தோட்டத்தில் தபால்காரராக இருந்தவர். ஒரு குழுப் படத்தில் அவருக்குப் பக்கத்தில் நிற்கும் துரையின் இடுப்பில் ரிவோல்வர் தெரிகிறது. என்ன வகை என்று கண்டுபிடிக்க முடியுமா?
(வாசகர், ஹட்டன்)

உறைக்கு வெளியே கைப்பிடி தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பிரித்தானிய இராணுவம் 1887இல் வெப்ளி நிறுவனத்தின் ரிவோல்வரை ஏற்றுக்கொண்டது. அதன் ஆரம்ப மாதிரிகளில் கைப்பிடியின் அடி பறவை அலகு மாதிரி வளைந்து கூராக முடியும். 1915இல் வந்த ஆறாவது மாதிரியில்தான் அடி சதுரமாக, அகலமாக மாறியது. உங்கள் படத்தில் இருப்பது இராணுவ வெப்ளியாகவும் சதுர அடி உள்ளதாகவும் இருந்தால், படம் பெரும்பாலும் 1915க்குப் பிந்தியதாக இருக்கும். அடியில் ஒரு வளையம் தெரிகிறதா என்றும் பாருங்கள். கயிறு கோத்துத் தோளில் மாட்டிக்கொள்வதற்கான வளையம் அது.

உறை நீளத்தையும் கவனியுங்கள். ஆறாவது மாதிரியின் குழல் ஆறு அங்குலம், மொத்த எடை ஏறத்தாழ 1.1 கிலோ. பெல்ட் அந்தப் பக்கம் இழுபட்டுத் தொங்குவது படத்திலேயே தெரியலாம். சின்ன உறையாக இருந்தால் புல்டாக் எனப்படும் குட்டி வகையாக இருக்கலாம். 1872இல் வெப்ளி வெளியிட்டது. ஐந்து ரவைதான், கோட் பைக்குள் அடங்கும். அதைப் பார்த்துப் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்தில் மலிவுப் பிரதிகள் ஏராளமாகச் செய்தார்கள். குழலின் மேல் ஆங்கிலத்தில் பிரிட்டிஷ் புல்டாக் என்று எழுதியிருந்தாலும், நீள்வட்டத்துக்குள் இ.எல்.ஜி. என்ற எழுத்துகள் இருந்தால் அது லியேஜில் சோதிக்கப்பட்டது. அருங்காட்சியகத்தில் ஒன்றைப் பார்க்கும்போது இந்த முத்திரையைத் தேடிப் பாருங்கள்.

முத்திரை வாசிப்புத்தான் இந்தப் பொழுதுபோக்கின் உயிர். லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் துவக்குகளைச் சோதித்து முத்திரை குத்தும் நிலையங்கள் உண்டு. லண்டன் நிலையத்தின் சாசனம் 1637ஆம் ஆண்டுக்குரியது, பர்மிங்ஹாம் நிலையம் 1813இல் அமைந்தது. அகன்ற அம்புக்குறி இருந்தால் அரசாங்கச் சொத்து. இரண்டு அம்புகள் முனையோடு முனை சந்தித்தால், அரசு அதை வெளியே விற்றுவிட்டது என்று பொருள். வெப்ளி அன்ட் ஸ்கொட் என்று இரண்டு பெயரும் சேர்ந்திருந்தால் 1897க்குப் பிந்தியது, ஏனென்றால் அந்த வருடம்தான் நிறுவனங்கள் இணைந்தன. குழலில் கேணல் கோல்ட், லண்டன் என்ற முகவரி இருந்தால் அது அமெரிக்க ரிவோல்வர் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட் 1850களில் சில வருடம் லண்டனில் நடத்திய தொழிற்சாலையோடு தொடர்புடையது. நம் மலைகளில் கோப்பி கொடிகட்டிப் பறந்த காலமும் அதுதான்.

துரையின் பெயர் தெரியவில்லை என்று கவலைப்பட வேண்டாம். தோட்டத்தின் பெயரும் ஏறத்தாழ வருடமும் தெரிந்தால் பெர்குசன் டைரக்டரியில் தேடலாம். தோட்டம் தோட்டமாக அதிகாரிகளின் பெயர்கள் இருக்கும். 1878இல் கட்டிய டிக்கோயா வார்லி தேவாலயத்தின் கல்லறைகளில் தோட்டத்துரைமாரின் பெயர்களையும் திகதிகளையும் வாசிக்கலாம். அவர் தோட்டத்துரைமாரின் தொண்டர் படையில் இருந்தவராகவும் இருக்கலாம். சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர் என்ற அந்தப் படை 1900இல் உருவாகி 1949இல் கலைக்கப்பட்டது. அந்தக் கால அதிகாரிகள் தங்கள் ரிவோல்வரைத் தங்கள் காசிலேயே வாங்குவது வழக்கம். அதனால்தான் பல துவக்குகளில் விற்ற கடையின் பெயர் இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். படத்தின் பின்பக்கத்தில் துரையின் விவரத்தை எழுதும்போது பூட்டனின் முழுப்பெயரையும் எழுதுங்கள். துரையைப் பற்றி டைரக்டரியில் இருக்கிறது. தபால்காரரைப் பற்றி உங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது.

ரிவோல்வர் என்றால் ஆறு ரவைதானே?
(வாசகர், தலவாக்கலை)

இல்லை. புல்டாக்கைப் போலவே போமன்ட் அடம்ஸ் என்ற ஆங்கிலேய ரிவோல்வருக்கும் ஐந்து. ரஷ்ய இராணுவத்தின் 1895 நாகான்டுக்கு ஏழு. ஸ்மித் அன்ட் வெஸன் 1857இல் கொண்டுவந்த முதல் மாதிரியும் ஏழு ரவைச் சிறு துவக்குத்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் புழங்கிய லெமாட்டில் ஒன்பது, அதோடு நடுவில் சன்னம் சுடும் இன்னொரு குழலும் உண்டு.

வெறும் தோலுறை ஒன்று வாங்கினேன். பூஞ்சணம் பிடிக்கிறது. தேங்காய் எண்ணெய் பூசலாமா? பித்தளைக் கொளுக்கியைப் புளி போட்டுத் துலக்கலாமா?
(வாசகி, நுவரெலியா)

இரண்டும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கிவிடும். நுவரெலியாவில் அது தோலின் மேல் வெள்ளையாகப் படிந்து தூசியைப் பிடித்துவைக்கும், நாளடைவில் சிக்கும் அடிக்கும். பூஞ்சணத்தை மெல்லிய தூரிகையால் வெளியில் வைத்துத் தட்டுங்கள், மூக்கை மூடிக்கொள்ளுங்கள். நிழலில் காற்றாட விடுங்கள். வெயிலிலோ அடுப்புப் பக்கமோ வைத்தால் தோல் வெடிக்கும். உள்ளே மைப்படாத வெள்ளைத் தாளை மடித்து அடைத்து வடிவத்தைக் காப்பாற்றுங்கள். சிலிக்கா ஜெல் பைகளோடு ஒரு பெட்டியில் வைத்து, மழைக்காலத்தில் அந்தப் பைகளை அடிக்கடி மாற்றுங்கள்.

புளி பித்தளையைப் பளிச்சென்று ஆக்கும், உண்மைதான். ஆனால் அதன் புளிப்பு தையலுக்குள் இறங்கினால் நூலும் தோலும் கெடும். கொளுக்கியைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு இருந்தால் மரக்குச்சியால் மெதுவாகச் சுரண்டினால் போதும். பளபளப்பு வேண்டாம். நூறு வருடத்து நிறம்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்கியது. உள்மூடியில் மையால் எழுதிய பெயரோ இலக்கமோ இருக்கிறதா என்று சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். அந்த இடத்தைத் துணியால்கூடத் துடைக்காதீர்கள்.

என் மகனுக்குப் பதினான்கு வயது. எந்நேரமும் ரிவோல்வர் படங்களைத்தான் வெட்டி ஒட்டுகிறான். பயமாக இருக்கிறது. தடுக்கவா?
(ஒரு தாய், பதுளை)

தடுக்க வேண்டாம் அக்கா, ஆனால் தனியாகவும் விடாதீர்கள். அவன் வயதில் இதில் ஈர்ப்பது பெரும்பாலும் பொறியின் அழகுதான். கோல்ட் பதினாறு வயதில் கல்கத்தாவுக்குப் போன கப்பலில் வேலை செய்தபோதுதான் மரத்தில் முதல் மாதிரியைச் செதுக்கினார் என்று சொல்வார்கள். அவருக்கு முன்பே, 1818இல், எலிஷா கொலியர் சக்கிமுக்கிக் கல்லால் இயங்கும் சுழல் துவக்குக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். 1851 லண்டன் மாபெரும் கண்காட்சியில் கோல்ட்டும் லண்டன் துவக்குத் தயாரிப்பாளர் ரொபர்ட் அடம்ஸும் நேருக்கு நேர் போட்டியிட்டார்கள். கோல்ட்டினுடையதில் சுத்தியலை ஒவ்வொரு தடவையும் கையால் பின்னிழுக்க வேண்டும். அடம்ஸினுடையதில் விசையை இழுத்தாலே போதும். இரண்டையும் படம் வரைந்து விளக்கச் சொல்லுங்கள். கணிதமும் விஞ்ஞானமும் அதற்குள் வந்துவிடும். அசல் மாதிரித் தெரியும் விளையாட்டுத் துவக்கை மட்டும் வாங்கிக் கொடுக்காதீர்கள். தெருவில் அதைக் கொண்டுபோனால் தூரத்தில் நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

இன்னொரு பக்கமும் அவனுக்குத் தெரிய வேண்டும். நம் மக்களில் பெரும்பாலானோர் துவக்கின் பின்னால் நின்றவர்கள் அல்ல, முன்னால் நின்றவர்கள். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டப் போராட்டத்தில் பொலிஸ் சூட்டில் கோவிந்தன் இறந்தார். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், காணி பறிபோவதற்கு எதிரான போராட்டத்தில், சிவனு லட்சுமணன் அதேபோல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒட்டும் கொப்பியில் ஒவ்வொரு துவக்குப் படத்துக்கும் எதிர்ப்பக்கத்தை வெறுமையாக விடச் சொல்லுங்கள். அந்த வகைத் துவக்கு எங்கே, யார் மேல் பயன்பட்டது என்று தேடி அதில் எழுதட்டும். அப்படி எழுதிப் பழகும் பிள்ளையைப் பற்றி நான் பயப்பட மாட்டேன்.

கண்டிப் பக்கம் பழைய துவக்குகளை நேரில் பார்க்க எங்கே போகலாம்?
(வாசகர், கம்பளை)

கண்டி தேசிய அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள். ரிவோல்வருக்கு முந்திய உள்ளூர்த் துவக்குகளைத் தேடிப் பாருங்கள். சிங்களக் கொல்லர்கள் செய்த துவக்கில் சுடுபொறி பொதுவாக இடப்பக்கம் இருக்கும், கட்டையின் அடி சுருண்டிருக்கும். அந்த வேலைப்பாட்டுக்குப் பக்கத்தில் வெப்ளி சாதாரண இரும்புதான் என்று எனக்குத் தோன்றும். கொழும்புக்குப் போனால் அங்குள்ள தேசிய அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். 1765இல் ஒல்லாந்தர் கண்டியைத் தாக்கியபோது கொண்டுபோய், 2023இல் நெதர்லாந்து திருப்பிக் கொடுத்த ஆறு பொருட்களில் லெவ்கே பீரங்கியும் இரண்டு துவக்குகளும் இருக்கின்றன.

லண்டனில் இருக்கும் மச்சான் அங்கே அனுமதி இல்லாமலே பழைய ரிவோல்வர் வாங்கலாம் என்கிறார். ஒன்று வாங்கி அனுப்பச் சொல்லவா?
(வாசகர், மாத்தளை)

சொல்லாதீர்கள். மச்சான் சொல்வதில் பாதி உண்மை. பிரித்தானியாவில் 1997இல் கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் தடைசெய்யப்பட்டன. ஆனால் வழக்கொழிந்த ரவை அளவுள்ள சில பழையவற்றை அலங்காரப் பொருளாக மட்டும் வைத்திருக்கலாம். 2021இல் வந்த விதிகள் அந்தப் பட்டியலை இன்னும் இறுக்கின. 1939 செப்டம்பருக்கு முன் செய்யப்பட்டதாகவும் இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1898 வரை செய்யப்பட்டவை தொல்பொருள் கணக்கில் வரும். இதெல்லாம் அந்தந்த நாட்டு எல்லைக்குள்தான். இலங்கைச் சுங்கத்தில் இந்த விலக்கு எதுவும் செல்லாது. இங்கே கைத்துப்பாக்கி அனுமதி பாதுகாப்பு அமைச்சின் கையில் இருக்கிறது, பொழுதுபோக்கு என்று சொல்லி அதை எதிர்பார்க்க முடியாது.

மச்சானிடம் வேறொன்று கேளுங்கள். ஆமி அன்ட் நேவி ஸ்டோர்ஸ் போன்ற கடைகள் பழைய காலத்தில் வெளியிட்ட பொருட்பட்டியல்கள் அங்கே ஏலத்துக்கு வரும். ரிவோல்வர் பக்கங்கள் உள்ள ஒன்றை வாங்கித் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். விலை, அளவு, உறை, துப்புரவுத் தடி என்று எல்லாம் படத்தோடு இருக்கும். கிடைத்ததும் எனக்கும் அந்தப் பக்கங்களின் பிரதி ஒன்று அனுப்புங்கள்.