வேலூரில் மணிப்பூர், நாகாலாந்துக்காரர்களுக்கு வாடகை வீடு தர மறுப்பது இனப்பாகுபாடா?

ஆமாம், இனப்பாகுபாடுதான். காந்தி ரோடு லாட்ஜ்களில் வங்காள மொழியில் போர்டு வைத்து, சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிகளை வரவேற்கிற இதே ஊரில்தான், மணிப்பூர் நண்பனுக்கு வீடு பார்க்கப் போனபோது, போனில் 'வாங்க தம்பி' என்ற வீட்டுக்காரம்மா அவன் முகத்தைப் பார்த்ததும் 'இப்பதான் அட்வான்ஸ் வாங்கிட்டோம்' என்றார். டூலெட் போர்டு மறுவாரமும் கேட்டில் தொங்கியது. சமையல் வாசனை, ராத்திரி சத்தம் என்று காரணம் சொல்வார்கள். அவன் இன்னும் குடியே வரவில்லையே!

அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு, கடை, ஓட்டல் போன்ற இடங்களில் இனத்தைக் காட்டித் தடுக்கக் கூடாது என்கிறது, ஆனால் அந்த வரிசையில் தனியார் வாடகை வீடு இல்லை, சிக்கலே அங்கேதான். 2014இல் டெல்லியில் அருணாச்சல மாணவர் நிடோ தானியா தாக்கப்பட்டு இறந்த பிறகு, வடகிழக்கு மாநிலத்தவரின் பிரச்சினைகளை ஆராய மத்திய அரசு அமைத்த பெஸ்பருவா குழு, இனவசைக்குத் தனிச் சட்டப் பிரிவு கேட்டது. வடகிழக்குக்காரர்களை முகத்தை வைத்து 'சிங்கி' (சீனர் போன்றவர் என்ற வசை) என்று கூப்பிடுவதை இங்கே பலர் வெறும் கிண்டலாக நினைக்கிறார்கள் (வடக்கே நம்மை 'மதராசி' என்றால் மட்டும் சுர்ரென்று ஏறும்).