40 பேருக்குத் தேத்தண்ணி, ஒருத்திக்கு வளையல்

வளைகாப்பை 'டீ பார்ட்டி'யாக வைக்க நினைப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

தலவாக்கலை வாசகி: மகளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்கு 40 பேர் வருவார்கள், பாதிப் பேர் பால் தேத்தண்ணி கேட்பார்கள். எங்களிடம் இரண்டு அடுப்புதான். பக்கத்து வீட்டு விசேஷத்தில் கடைசிப் பந்திக்கு வந்த தேத்தண்ணி வாயில் வைக்க முடியாமல் கசந்தது. அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்வது?

தேயிலையை அண்டாவுக்குள்ளேயே விட்டு அடுப்பில் வைத்திருந்திருப்பார்கள். இலை கிடக்கக் கிடக்கத் துவர்ப்பு இறங்கிக்கொண்டே இருக்கும், அதற்குமேல் சீனி அள்ளிப்போட்டும் பயனில்லை. சாயத்தைத் தனியாக இறக்கி, இலையை வடித்துவிட்டு, கோப்பையில் கலந்து கொடுங்கள்.

100 கிராம் பி.ஓ.பி.எஃப். (பொடியாக உடைந்த சிறு இலை) தேயிலைக்கு 2¾ லீட்டர் கொதிதண்ணீர். இலை ஏறக்குறைய 350 மில்லிலீட்டரை உறிஞ்சிக்கொள்ளும், கையில் மிஞ்சுவது 2.4 லீட்டர் சாயம். 180 மில்லிலீட்டர் கோப்பை என்றால், பால் சேர்க்காத பிளேன்டீக்கு 50 மில்லிலீட்டர் சாயமும் 130 கொதிதண்ணீரும், பால் தேத்தண்ணிக்கு 70 சாயமும் 110 பாலும். இருபது இருபதாகக் கணக்குப் பார்த்தால் சாயம் சரியாக முடியும். எல்லோரும் இரண்டாவது கோப்பை கேட்பார்கள் என்றால் இன்னொரு 100 கிராமை அப்போது போடுங்கள், முன்கூட்டி வேண்டாம்.

பாலுக்கு 300 கிராம் பால்மா, 2.2 லீட்டர் தண்ணீர். மாவைக் கொதிதண்ணீரில் கொட்டினால் கட்டி விழும். இளஞ்சூட்டுத் தண்ணீர் கொஞ்சம் விட்டுக் களிபோலக் குழைத்த பிறகு சுடுதண்ணீர் சேருங்கள்.

ஊறும் நேரம் ஊருக்கு ஊர் மாறும். சுமார் 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கும் தலவாக்கலையில் தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடும், நுவரெலியாவில் 94தான். கொழும்புக் கணக்கில் 5 நிமிடம் என்றால் தலவாக்கலையில் மூடிவைத்து 6 நிமிடம் விடுங்கள். வடித்த சாயத்தை, கொதிதண்ணீர் ஊற்றிச் சூடாக்கிக் கவிழ்த்த பிளாஸ்க்கில் ஊற்றுங்கள். குளிர்ந்த பிளாஸ்க்கே சூட்டில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

சாயம் ஆறினால் செங்கல் கரைத்த தண்ணீர்போலக் கலங்கி நிற்கும். பழுதாகிவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். நல்ல சாயம் கெட்டியாக இறங்கி ஆறினால் அப்படித்தான், கொதிதண்ணீர் பட்டதும் தெளிந்துவிடும்.

அட்டன் வாசகி: இஞ்சி போட்ட பால் தேத்தண்ணி வைத்தால் பால் திரிகிறது. பாலில் குறையா, இஞ்சியில் குறையா?

இரண்டிலும் இல்லை, போடும் வரிசையில்தான் குறை. பச்சை இஞ்சியில் பாலைத் திரியவைக்கும் நொதியம் ஒன்று உண்டு. இஞ்சியைத் தட்டி முதலில் தண்ணீரில் 5 நிமிடம் கொதிக்கவிட்டால் அது செயலிழந்துவிடும், பிறகு பால் சேர்க்கலாம். 40 கோப்பைக்கு 100 கிராம் இஞ்சி போதும். தேசிக்காய் பிழிவதென்றால் பிளேன்டீக்கு மட்டும். பால் தேத்தண்ணி மேசையில் தேசிக்காய்த் தட்டை வைத்தால் யாராவது ஒருவர் பிழிந்தே தீருவார்.

பண்டாரவளை வாசகர்: விருந்தே தேத்தண்ணி. வளையல் போடப்போகிறவள் எவ்வளவு குடிக்கலாம்?

ஒரு கோப்பையில் சுமார் 40 முதல் 50 மில்லிகிராம் கஃபேன் இருக்கும். கர்ப்பிணிகள் நாளொன்றுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது பல நாடுகளில் சொல்லப்படும் அளவு. கோப்பி, சொக்லேட்டு, கோலா எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். அவருக்குக் கடுஞ்சாயம் வேண்டாம், இளஞ்சாயமாக ஒரு கோப்பை கொடுங்கள்.

பலரும் கவனிக்காமல் விடுவது கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்துக் குளிசையை. தேயிலையின் துவர்ப்பு இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. குளிசைக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே குறைந்தது ஒரு மணித்தியாலம், முடிந்தால் இரண்டு, இடைவெளி இருக்கட்டும். விருந்து மாலையில் என்றால் அன்றைய குளிசையை இரவுக்குத் தள்ளலாமா என்று மிட்வைஃபிடம் முன்னரே கேட்டுவிடுங்கள்.

மஸ்கெலியா வாசகி: "வளைகாப்பா, தேத்தண்ணிக்கடையா?" என்று மாமி முகம் கோணுகிறார். சமாளிப்பது எப்படி?

மாமி கேட்பது சடங்கை. அதைக் குறைக்காமல் முதலில் முடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை 4.30 முதல் 6 மணி வரை ராகுகாலம், ஆகவே 3 மணிக்குச் சந்தனம், குங்குமம், வளையல். பிறகு ஆரத்தி. அது முடிந்ததும் 4 மணிக்கு மேசை. முதல் வளையலை மாமியே போடட்டும். புளிச்சாதமும் தயிர்ச்சாதமும் மேசையின் ஒரு ஓரத்தில் இருந்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

வளையல் அளவில்தான் ஏமாந்துபோவார்கள். 2.4 என்றால் உள்விட்டம் 2 அங்குலமும், ஓர் அங்குலத்தில் 16இல் 4 பங்கும். வழக்கமாக 2.4 போடுகிறவருக்கு ஏழாம் மாதத்தில் கை வீங்கியிருக்கலாம், 2.6 வாங்குங்கள். கையில் சவர்க்காரத் தண்ணீர் தடவி, பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கச் சொன்னால் கண்ணாடி உடையாது.

நுவரெலியா வாசகி: சான்ட்விச் பரிமாறும்போது ஓரம் காய்ந்து, நடு நனைந்துபோகிறது.

பட்டரை ஓரம்வரை பூசுங்கள், ஈரம் பாணுக்குள் இறங்காது. வெள்ளரியை மெல்லிதாக அரிந்து உப்புத் தூவி 10 நிமிடம் வைத்துப் பிழியுங்கள். இங்கே மழையும் பனியும் இருந்தாலும் வெட்டிய பாண் காயத்தான் செய்யும், நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் மூடுங்கள். ஒருவருக்கு மூன்று முக்கோணத் துண்டு வீதம் 40 பேருக்கு 120 துண்டு. ஒரு சான்ட்விச்சை நான்காக வெட்டினால் 60 பாண் துண்டு வேண்டும், ஓரம் வெட்டும்போது உடைவதற்காக இன்னும் ஆறு. முட்டை சான்ட்விச்சுக்குப் பச்சை முட்டை சேர்ந்த வீட்டு மயோனைஸ் வேண்டாம். முட்டையை மஞ்சள் கரு இறுகும்வரை அவித்து பட்டரில் மசியுங்கள், உயரத்தில் அவிய ஓரிரு நிமிடம் கூடுதலாகும்.

அதே வாசகி: மேசை அலங்காரத்துக்குப் பச்சைத் தேயிலைக் கொழுந்து வைக்கலாமா?

தோட்டத்தில் கேட்டு எடுத்தால் வைக்கலாம், ஆனால் பூச்சிமருந்து அடித்த தேயிலை மலையாக இருக்கக்கூடும், சாப்பாட்டுத் தட்டில் படக்கூடாது. தண்டோடு ஒடித்துத் தண்ணீரில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் விருந்தாளி வருமுன் வாடித் தொங்கும். பழைய கொழுந்துக் கூடை ஒன்றில் வளையல்களை வைத்தால் அதுவே போதும்.