வாங்கிக்கொண்டவர்களின் கதை

வணக்கம்.

என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். ஒன் பீஸ் என்ற ஜப்பானியக் கடற்கொள்ளையர் கதை என்றால் உயிர். அவனோடு உட்கார்ந்து அதன் அனிமே, அதாவது கார்ட்டூன் தொடர், பார்க்க ஆரம்பித்தேன். இப்போது அவன் பள்ளிக்குப் போன பிறகு அவனுடைய மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, புத்தகங்களை எடுத்து வாசிக்கிறேன். சமையல்காரர் ஸெஃப் சிறுவன் சான்ஜிக்காகக் காலை இழந்த பகுதியைப் படித்துவிட்டு அழுதுவிட்டேன். அப்புறம் யோசித்தபோது கொஞ்சம் கோபம் வந்தது. ஷாங்க்ஸுக்குக் கை போகிறது, ஸெஃபுக்குக் கால் போகிறது, பெல்மேர் உயிரையே விடுகிறாள். யாராவது எதையாவது இழந்தால் நமக்கு அவர்களைப் பிடித்துவிடும் என்று கணக்குப் போட்டு எழுதுகிறார்களா? டிவி சீரியலில் ஒரு பெண் குடும்பத்துக்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. இங்கே மட்டும் ஏன் அழுகை வருகிறது?

இன்னொன்று. தியாகம்தான் பெரிய குணம் என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் நான். என் மகனும் இந்தக் கதைகளிலிருந்து அதையே எடுத்துக்கொள்வானோ என்று பயமாக இருக்கிறது.

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

கணக்குப் போட்டுத்தான் எழுதுகிறார்கள். ஒன் பீஸ் 1997 ஜூலையில் ஷோனென் ஜம்ப் வார இதழில் தொடங்கியது. வாசகர்கள் அஞ்சலட்டையில் அனுப்பிய வாக்குகளை வைத்துத் தொடர்களின் தலையெழுத்தை முடிவு செய்த இதழ் அது. அதை எழுதி வரையும் எய்ச்சிரோ ஓடாவுக்கு அப்போது வயது 22. முதல் அத்தியாயத்திலேயே வாசகரைப் பிடித்தாக வேண்டும். பிடித்தார். கடல் மிருகத்திடமிருந்து கதாநாயகன் லூஃபியைச் சிறுவயதில் காப்பாற்றிய கடற்கொள்ளைத் தலைவர் ஷாங்க்ஸுக்கு இடது கை இல்லை. ஒரு கைதானே போனது, நீ பிழைத்தாயே என்று அவர் ஆறுதல் சொல்கிறார். லூஃபி அவரைக் கட்டிக்கொண்டு கதறுகிறான்.

ஆனால் இந்தக் கணக்கு எல்லோருக்கும் பலிப்பதில்லை. எத்தனையோ சாகச மாங்காக்களில் ஆட்கள் கை கால் இழக்கிறார்கள், நண்பனுக்கு முன்னால் பாய்ந்து அம்பை வாங்கிச் சாகிறார்கள். பக்கத்தைப் புரட்டியதும் பெயர்கூட மறந்துபோகிறது. அவர்கள் இழந்தது ஸெஃப் இழந்ததைவிடக் குறைவா என்ன? பலர் உயிரையே கொடுத்தவர்கள்.

நான் இதைப் பற்றி ரொம்ப நாளாக யோசித்திருக்கிறேன். ஒருவருடைய இழப்பை வாங்கிக்கொண்டு இன்னொருவர் வாழ வேண்டியிருக்கிறதே, அந்த இன்னொருவர் வழியாகத்தான் நாம் கதைக்குள் போகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. நம்மில் பெரும்பாலோர் எந்தக் கடல் மிருகத்துக்கும் கையைக் கொடுத்ததில்லை. ஆனால் வாங்கியிருக்கிறோம். யாரோ தன் படிப்பை நிறுத்திக்கொண்டு நம்மைப் படிக்கவைத்தார்கள். யாரோ பசியில்லை என்று சொல்லிவிட்டுத் தட்டை நம் பக்கம் தள்ளினார்கள். அது பொய் என்று நமக்குத் தெரிய வந்தபோது நாம் பெரியவர்களாகியிருந்தோம். ஷாங்க்ஸின் காட்சியில் அழுவது யார் என்று பாருங்கள். கையை இழந்தவர் அழவில்லை.

நீங்கள் அழுத அந்தப் பகுதியையே எடுத்துக்கொள்வோம். புயலில் கப்பல் உடைந்து, கடற்கொள்ளைத் தலைவர் ஸெஃபும் அவரால் கொள்ளையடிக்கப்பட்ட கப்பலின் சமையலறைப் பையன் சான்ஜியும் ஒரு பாறையில் ஒதுங்குகிறார்கள். இறங்கினால் திரும்ப ஏற முடியாத பாறை, அதனால் மீன் பிடிக்கவும் வழியில்லை. ஸெஃப் சின்ன மூட்டையைப் பையனிடம் தருகிறார். பெரிய மூட்டையைத் தனக்கு வைத்துக்கொள்கிறார். நான் பெரியவன், எனக்குப் பசி அதிகம், நீ அந்தப் பக்கம் உட்கார்ந்து கப்பல் வருகிறதா என்று பார், நான் இந்தப் பக்கம் பார்க்கிறேன் என்கிறார். அவ்வளவுதான். பிறகு இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், நாள் மேல் நாளாக. சான்ஜியின் சாப்பாடு தீர்ந்துபோகிறது. கிழவனின் மூட்டையோ இன்னும் அப்படியே பெரிதாக இருக்கிறது. பசி முற்றி, கத்தியை எடுத்துக்கொண்டு அவரைக் கொல்லவே போகிறான். மூட்டையைக் கிழித்தால் உள்ளே தங்கமும் நகையும். உணவு ஒரு பருக்கை இல்லை. இருந்த உணவு முழுவதும் அந்தச் சின்ன மூட்டையில்தான் இருந்திருக்கிறது. அப்படியானால் இத்தனை நாள் இவர் எதைத் தின்றார்? அப்போதுதான் காலைப் பார்க்கிறான்.

மாங்காவில் ஸெஃப் தன் காலையே தின்று உயிர் பிழைத்திருக்கிறார். டிவி அனிமேயில் இதை மாற்றிவிட்டார்கள். அங்கே சான்ஜியைக் கடலிலிருந்து மீட்கும்போதே கால் போய்விடுகிறது. சிறுவர்கள் பார்க்கும் நேரம், காரணம் புரிகிறது. ஆனால் கதைக்கு அது பெரிய நஷ்டம் என்பேன். தண்ணீருக்குள் ஒரு நொடியில் காலை இழப்பது வீரம். யாருக்கும் அப்படி ஒரு நொடி வாய்க்கலாம். பாறையில் நடந்தது அப்படி ஒரு நொடியில் முடிந்ததில்லை. பட்டினியோடு உட்கார்ந்து, யோசித்து, செய்து, பிறகும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். அதே நேரம் பத்தடி தள்ளி ஒரு பையன், அவர் வயிறு முட்டத் தின்கிறார் என்று நினைத்து அவரைச் சபித்துக்கொண்டிருந்தான். இனி ஆயுசுக்கும் அவன் அந்த நினைப்போடு வாழ வேண்டும். நீங்கள் அழுதது அவனுக்காகவும்தான் என்று நினைக்கிறேன்.

85 நாள் கழித்து அவர்களைக் கப்பல் மீட்கிறது. அதற்குப் பிறகுதான் ஓடா பெரிய கலைஞர் என்று காட்டுகிறார். உதைத்தே சண்டை போட்டுப் பெயர் வாங்கியவர் ஸெஃப், 'சிவப்புக் கால்' என்பது பட்டப்பெயர். அவர் கொடுத்த காலோடு அந்தத் திறமையும் போயிற்று. பையன் வளர்ந்து கையைச் சமையலுக்கென்று ஒதுக்கிவிட்டு, காலால் மட்டுமே சண்டை போடுகிறான். பசி என்று வந்தால் எதிரிக்கும் சோறு போடுகிறான். ஸெஃப் பிறகு கடல் நடுவே நடத்தும் ஓட்டலில் கின் என்ற கொள்ளைக்காரன் அடிபட்டுக் கிடக்கும்போது கேள்வி கேட்காமல் தட்டை நீட்டுகிறான். யாரும் அவனுக்கு இதையெல்லாம் போதிக்கவில்லை. பாறையில் வாங்கிக்கொண்டதைத்தான் இப்படிச் செலவழித்துக்கொண்டிருக்கிறான்.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதிலும் இதே பகுதியில் இருக்கிறது. டான் க்ரீக் என்ற கொள்ளைத் தலைவன் அந்த ஓட்டலைப் பிடிக்க வரும்போது, ஸெஃபின் ஓட்டலுக்காகச் சாகவும் தயார் என்று சான்ஜி அடியை வாங்கிக்கொண்டே நிற்கிறான். பட்ட கடனை உயிரால் தீர்க்கப் பார்க்கிறான். லூஃபி அவன் சட்டையைப் பிடித்து உலுக்குகிறான். சாவது நன்றிக்கடன் ஆகாது, அவர் உன்னைக் காப்பாற்றியது இதற்காக இல்லை என்று கத்துகிறான். இதைச் சொல்லும் உரிமை லூஃபிக்கு உண்டு. ஷாங்க்ஸ் கொடுத்த தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு அலைகிறவன் அவன். இரண்டு வாங்கிக்கொண்டவர்கள் பேசிக்கொள்ளும் இடம் அது. உங்கள் மகன் அந்தப் பக்கத்தைத் தாண்டி வந்திருப்பான். அவன் மனதில் எது தங்கியிருக்கிறது என்று நீங்கள் அவனிடமே கேளுங்கள். தியாகம் செய் என்ற பாடம் தங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சீரியல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் எரிச்சல் நியாயமானது, அதைச் சந்தேகப்படாதீர்கள். அங்கே அந்தப் பெண்ணுக்கு வேறு வழியே தரப்படவில்லை. மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கதை யோசிப்பதே இல்லை. அவள் கொடுத்ததை வாங்கிக்கொண்டவர்களும் மாறுவதில்லை, அடுத்த வாரமும் அதே கணவன், அதே மாமியார். கேமரா அவள் முகத்தை மட்டும் காட்டிக்கொண்டே இருக்கும். நாமும் உள்ளே போக இடமில்லாமல் வெளியே நின்று பார்க்கிறோம்.

பெல்மேரை இதோடு வைத்துப் பாருங்கள். ஆர்லாங் என்ற கொள்ளைத் தலைவன் அவள் ஊரைப் பிடித்துக்கொண்டு, பெரியவருக்கு ஒரு லட்சம் பெரி (அந்த உலகத்துப் பணம்), குழந்தைக்கு ஐம்பதாயிரம் பெரி, கட்டாதவர் சாக வேண்டும் என்கிறான். பெல்மேர் ஆரஞ்சுத் தோட்டம் வைத்துப் பிழைக்கும் முன்னாள் கடற்படை வீராங்கனை. பின்னாளில் லூஃபியின் கப்பலில் சேரும் நாமியும் அவள் அக்கா நோஜிகோவும் பெல்மேர் பெற்ற பிள்ளைகள் இல்லை, போர்க்களத்தில் கிடைத்தவர்கள். அவளிடம் இருப்பது ஒரு லட்சம் சொச்சம். ஒன்று அவள் தலைக்கு ஆகும், இல்லையென்றால் இரண்டு பிள்ளைகளுக்கு ஆகும். பிள்ளைகள் இருப்பது ஆர்லாங்குக்குத் தெரியாது. எனக்குக் குழந்தைகள் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மூன்று பேரும் பிழைக்கலாம். ஊர்க்காவலர் கென்சோ அவளுக்காக அதைத்தான் செய்யப் பார்க்கிறார். அன்றைக்குத்தான் நாமி கோபத்தில், நாம் நிஜக் குடும்பம் இல்லையே என்று கத்தி அறை வாங்கியிருக்கிறாள். பெல்மேர் பணத்தைக் கொடுத்துவிட்டு, இது என் இரண்டு மகள்களுக்கு என்கிறாள்.

வழி இருந்தது. அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அந்த வழியில் போயிருந்தால் யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அன்றைக்கு அப்படிப் பேசிவிட்டு வந்த சிறுமியின் காதில் 'என் மகள்கள்' என்ற சொல் விழ வேண்டும் என்பது அவளுக்கு முக்கியமாக இருந்தது. பிறகு நாமி எப்படி ஆனாள் என்று உங்களுக்குத் தெரியும். பத்துக் கோடி பெரி சேர்த்து ஊரையே விலைக்கு வாங்கத் திருடிக்கொண்டே இருக்கிறாள். பணத்தாலேயே தாயைப் பறிகொடுத்தவள் பணத்தைத்தான் எண்ணுவாள். முதலில் அவளைத் துரோகி என்று நினைத்தோம் அல்லவா? இந்தப் பின்கதை வந்ததும் பெல்மேரைவிட நாமியின் பக்கம்தான் நம் மனம் சாய்கிறது.

ஓடாவைத் தாண்டியும் ஒன்று சொல்ல வேண்டும். ஹிரோமு அரகாவாவின் ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட், 2001 முதல் 2010 வரை வந்தது. செத்துப்போன அம்மாவை ரசவாதத்தால் திரும்பக் கொண்டுவரப் போய் எட்வர்ட் ஒரு காலை இழக்கிறான். தம்பி அல்ஃபோன்ஸின் உடம்பே போய்விடுகிறது. தம்பியின் உயிரை ஓர் இரும்புக் கவசத்தில் கட்டிவைக்க எட்வர்ட் தன் வலது கையையும் கொடுக்கிறான். வாங்கிக்கொண்ட தம்பிக்குத் தூக்கம் கிடையாது, பசி கிடையாது. உடம்பு கிடைத்ததும் என்னென்ன சாப்பிட வேண்டும் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறான், தோழி வின்ரி சுடும் ஆப்பிள் பை உட்பட. கதையின் கடைசியில் அவன் அண்ணனுக்குக் கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். அண்ணன் முன்னால் சுலபமான வழிகள் வருகின்றன. அப்பா தன் உயிரைத் தருகிறேன் என்கிறார், எட்வர்ட் அவரைத் திட்டுகிறான். இன்னொருவர் உயிரைப் போட்டுத் தம்பியை மீட்க அவனுக்கு மனமில்லை. 12 வயதில் தன்னை அரசு ரசவாதி ஆக்கிய அந்த ரசவாதத்தையே கொடுத்துவிட்டுத் தம்பியைக் கூட்டிவருகிறான். கொடுப்பதும் வாங்குவதும் இப்படி மாறி மாறி வருவதால் இவர்களில் யார் தியாகி என்று சொல்ல முடியாமல் போகிறது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

எல்லாத் தியாகமும் அன்பை வரவழைப்பதும் இல்லை. ஹன்டர் ஹன்டர் மாங்காவில் சிறுவன் கோன், தன் வழிகாட்டி கைட்டைக் கொன்ற பிட்டோவைப் பழிவாங்க, தன் எதிர்காலம் முழுவதையும் ஒரே சண்டைக்கு அடகு வைக்கிறான். வாசித்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பக்கங்களில் பயம்தான் வருகிறது. அவன் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. நம் பரிவெல்லாம் பக்கத்தில் நின்று பார்க்கும் நண்பன் கில்லுவாவின் மேல் போய்விடுகிறது.

நருடோ மாங்காவில் வரும் இட்டாச்சியைப் பற்றியும் சிலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். கிராமத்துக்காகத் தன் குலத்தையே கொன்றவன், எல்லோரும் வெறுத்தாலும் தாங்கிக்கொண்டவன். அவன் பட்ட துயரம் உண்மை. ஆனால் இறந்தவர்களை யாரும் கேட்கவில்லை, தம்பி சாஸ்கேயையும் கேட்கவில்லை. அடுத்தவர் உயிரைக் கொடுப்பதைத் தியாகம் என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. அந்தக் கதை என்னிடம் கண்ணீரைக் கேட்கும் இடங்களில் எனக்குச் சாஸ்கேயின் கோபம்தான் நியாயமாகப் படுகிறது.

ஸெஃபின் கதை மாங்காவின் ஏழாவது தொகுதியில் வருகிறது. லூஃபி சான்ஜியைத் திட்டுவதும் அதே சண்டையில்தான். சான்ஜி மண்டியிட்டு விடைபெறுவது எட்டாவது தொகுதி. உடம்பைப் பார்த்துக்கொள் என்ற பொருளில் ஸெஃப் ஒரே ஒரு வரி சொல்ல, ஓட்டல் முழுவதும் உடைந்து அழும் இடம். பெல்மேர் ஒன்பதில். அனிமேயில் பார்த்ததோடு விட்டுவிடாமல் இந்த மூன்றையும் மகனோடு சேர்ந்து வாசியுங்கள். முடித்ததும் அரகாவாவின் 27 தொகுதிகளையும் அவனுக்கு வாங்கிக் கொடுங்கள். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுத வேண்டும்.

அன்புடன்.