தண்ணீர் சோதிக்கும் வேலைக்கா பிள்ளையை அனுப்புவது?

ஐயா, உங்கள் மகளுக்கு உயர்தரப் பரீட்சையில் மருத்துவ பீடத்துக்கான இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் புள்ளி) எட்டவில்லை. நீர்ப் பரிசோதனை ஆய்வுகூடத்தில் வேலை பார்க்கப் போகிறேன் என்கிறாள். நீங்களோ, “13 வருடம் படிக்க வைத்தது ஹோட்டலில் குழாய் பார்க்கவா?” என்று கேட்கிறீர்கள். குழாயும் பார்க்கத்தான் வேண்டும், அதை மறைத்து உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். ஆனால் அந்தக் குழாயில் எதைத் தேடுகிறார்கள் என்று ஒரு தடவை கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர்கள் ஒரு ஹோட்டலில் மாநாடு கூட்டினார்கள். வீடு திரும்பியவர்களில் பலர் கடும் நியூமோனியாவில் விழுந்தார்கள், சிலர் பிழைக்கவில்லை. காரணமான பக்டீரியாவை மாதக்கணக்கில் தேடித்தான் பிடித்தார்கள். லீஜியோனெல்லா என்பது அதன் பெயர். ஷவரிலும் குளிரூட்டும் கோபுரத்திலும் இருந்து பறக்கும் நுண்துளிகளை மூச்சோடு இழுப்பதால்தான் அது பெரும்பாலும் தொற்றுகிறது. 20 முதல் 45 பாகை செல்சியஸ் வரையான வெதுவெதுப்பு அதற்குப் பிடிக்கும். 60 பாகையில் வைத்திருக்கும் சுடுநீரில் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்காது.

இனி நுவரெலியாவுக்கு வாருங்கள். ஊர்க் குளிரிலே பச்சைத்தண்ணீர்க் குழாய் ஓரளவு தப்பிவிடும். சிக்கல் சுடுநீர்ப் பக்கத்தில். மின்கட்டணத்துக்குப் பயந்து ஹீட்டரின் சூட்டைக் குறைத்து வைப்பார்கள். மழை மாதங்களில் கூரைமேல் சூரியவெப்பத் தாங்கி அரைச்சூட்டிலேயே கிடக்கும். ஏப்ரல் சீசனுக்குத் திறந்து மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கும் அறைகள் உண்டு. பழைய பங்களாக்களில் எந்தக் காலத்திலோ முனையை அடைத்துவிட்டுப் போன குழாய்த் துண்டுகளில் தண்ணீர் நகராமல் தேங்கியிருக்கும். கட்டடம் முழுக்க நடந்து இந்த இடங்களைக் கண்டுபிடிப்பதும் எங்கே மாதிரி எடுப்பது என்று முடிவு செய்வதும்தான் வேலையின் பாதி. அதற்கு மூளை வேண்டும்.

மாதிரி எடுப்பதிலேயே எவ்வளவு நுணுக்கம் பாருங்கள். மலக்கலப்பைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலை பக்டீரியாவுக்கான சோதனை என்றால் உலோகக் குழாயின் வாயைச் சுடரில் வாட்டி, தண்ணீரைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். லீஜியோனெல்லாவைத் தேடும்போது நேர் எதிர்: வாட்டாமல், ஓடவிடாமல், ஷவரில் தேங்கிய முதல் தண்ணீரையே பிடிப்பார்கள். இரண்டுக்கும் போத்தலில் முன்கூட்டியே சோடியம் தயோசல்பேட்டு இட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரிலுள்ள குளோரின் வழியிலேயே பக்டீரியாவைக் கொன்றுவிடும், அறிக்கையும் பொய்யாகச் சுத்தம் சொல்லும். பிறகு லீஜியோனெல்லாவுக்கு ஆய்வுகூடத்தில் கரி கலந்த கறுப்பு வளர்ப்பு ஊடகத்தில் பத்து நாள் வரை பார்த்திருக்க வேண்டும். அவசரக்காரருக்கு இந்த வேலை சரிவராது. உங்கள் மகள் பொறுமைசாலி என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

ஆனால் லீஜியோனெல்லாவை மட்டும் நம்பிப் படிக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள். இங்கே ஆய்வுகூடங்களுக்கு அன்றாடம் சோறு போடுவது குடிநீர்ச் சோதனைதான். இலங்கைக் குடிநீர்த் தரம் எஸ்.எல்.எஸ். 614இன்படி 100 மில்லிலீற்றரில் ஒரு ஈ.கோலைகூட இருக்கக் கூடாது. தோட்டத்தில் ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் கண்ணாடி போல இருக்கிறது என்று நாம் பெருமைப்படுவோம். ஊற்றுக்கு மேலே தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயமும் நாலு கழிப்பறைக் குழியும் இருந்தால் அந்தப் பெருமைக்கு அர்த்தம் இல்லை. பீலியைச் சோதித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளைகள் தோட்டத்திலிருந்தே வர வேண்டும் என்பது என் தனிப்பட்ட ஆசை, அதையும் சொல்லி வைக்கிறேன்.

படிப்புக்கு வருவோம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டம் படித்து நுண்ணுயிரியலும் இரசாயனவியலும் எடுப்பது உறுதியான வழி. அங்கேயே இணைந்த சுகாதார விஞ்ஞான பீடத்தில் மருத்துவ ஆய்வுகூடப் படிப்பு உண்டு, அதற்குப் போட்டி அதிகம். பதுளை ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தையும் விண்ணப்பத்தில் சேர்க்கச் சொல்லுங்கள், வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. வேலைக்கு நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையும் தனியார் ஆய்வுகூடங்களும் தேயிலை, உணவுத் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகளும் இருக்கின்றன. பிரிட்டன் போன்ற நாடுகளில் லீஜியோனெல்லா கட்டுப்பாடு கட்டடத்துக்குப் பொறுப்பானவரின் சட்டக் கடமை, ஆகவே வெளிநாட்டிலும் இந்தத் தேர்ச்சிக்கு மதிப்பு உண்டு. சம்பளம் தொடக்கத்தில் சுமார்தான், மருத்துவரோடு ஒப்பிட்டு அவளைக் குத்தாதீர்கள்.

மூன்று மாதத்தில் ‘நீர் நிபுணர்’ சான்றிதழ் தருகிறோம் என்று நகரத்தில் ஒட்டியிருக்கும் சுவரொட்டிக்குக் காசு கட்டாதீர்கள். அந்தப் பணத்தில் அவள் ஆங்கிலமும் சிங்களமும் படிக்கட்டும். அறிக்கையை ஆங்கிலத்தில் எழுத வேண்டும், ஹோட்டல் பராமரிப்பு ஊழியரிடம் தாங்கியைத் திறந்து காட்டச் சொல்லிப் பெரும்பாலும் சிங்களத்தில்தான் கேட்க வேண்டும்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை இந்த வாரமே வாங்குங்கள். பாடநெறிகளின் விருப்ப வரிசையை அவளே முதலில் எழுதட்டும். விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் அந்தப் பட்டியலையும் பெறுபேற்றுத் தாளையும் எடுத்துக்கொண்டு இருவருமாக வாருங்கள், வரிசையைச் சேர்ந்து பார்த்துவிடலாம்.